வயிற்றைக் கெடுக்காமல் வலி மாத்திரை போடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைவலி, மூட்டுவலி, மாதவிடாய் வலி, காய்ச்சலோடு வரும் உடம்புவலி என்று மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கிப் போடும் மாத்திரைகளைப் பற்றியது இந்தப் பக்கம். "சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் செய்யாது" என்ற ஒரே விதியை நம்பித்தான் பலரும் இவற்றை விழுங்குகிறார்கள். அந்த விதி பாதிதான் சரி. எந்த மாத்திரை, எத்தனை, எத்தனை நாள், போடுகிறவர் யார் என்ற நான்கும்தான் வயிற்றின் கதியைத் தீர்மானிக்கின்றன. சாப்பாடு அதற்கு அப்புறம்.

எல்லா வலி மாத்திரையும் வயிற்றைப் புண்ணாக்குமா?

இல்லை. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று பாராசிட்டமால்: டோலோ, கால்பால், குரோசின் எல்லாம் இதுதான். மற்றொன்று வீக்கத்தையும் அழற்சியையும் சேர்த்துக் குறைக்கும் வலி மருந்துகள்: ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், மெஃபனாமிக் அமிலம், நாப்ராக்சன், ஆஸ்பிரின். வயிற்றைப் பதம் பார்ப்பது இந்த இரண்டாவது வகை. பாராசிட்டமால் உரிய அளவுக்குள் இருந்தால் இரைப்பையைப் புண்ணாக்குவதில்லை. அளவு மீறினால் அது கல்லீரலைத்தான் தாக்கும்.

குழப்பம் வருவது கூட்டு மாத்திரைகளில். காம்பிஃப்ளாம் ஒன்றில் ஐபுப்ரோஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. இரண்டும் உண்டு. ஜெரோடால் பி ஒன்றில் அசிக்ளோஃபெனாக் 100 மி.கி.யும் பாராசிட்டமால் 325 மி.கி.யும் உண்டு. "பாராசிட்டமால்தானே" என்று இவற்றைப் போட்டால், வயிற்றுக்கு ஆகாததும் சேர்ந்தே உள்ளே போகிறது. அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர் மட்டுமே.

இந்த மாத்திரைகள் ஏன் இரைப்பையைப் புண்ணாக்குகின்றன?

இரைப்பையில் சுரக்கும் அமிலம் தின்ற இறைச்சியையே கரைக்கக் கூடியது. அது இரைப்பையையே அரித்துவிடாமல் காப்பது சுவரின்மேல் படர்ந்திருக்கும் சளிப்படலமும், அமிலத்தை முறிக்கும் காரமும், சுவருக்கு ஓடும் ரத்தமும். இந்த மூன்றையும் சீராக வைத்திருப்பவை புராஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்கள். அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் கிளப்புவதும் அதே குடும்பம்தான். 1971-இல் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் மருந்தியலாளர், ஆஸ்பிரின் வேலை செய்வதே புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியை நிறுத்தித்தான் என்று காட்டினார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். முழங்காலில் வலி குறையும் அதே நேரத்தில் இரைப்பையின் காவலும் தளர்வது இதனால்தான்.

அப்படியானால் ஊசி போட்டுக்கொண்டால் வயிற்றுக்குப் பிரச்சினை இல்லையே?

இருக்கிறது. மாத்திரை இரைப்பையில் நேராக உரசுவதால் வரும் எரிச்சல் சிறிய பகுதிதான். பெரிய பகுதி, மருந்து ரத்தத்தில் கலந்தபின் நடப்பது. டைக்ளோஃபெனாக் ஊசி போட்டாலும், ஆசனவாயில் வைத்தாலும், குடலில் போய்க் கரையும்படி மேல்பூச்சு போட்ட மாத்திரை போட்டாலும் இந்தப் பகுதி மாறாது.

சாப்பிட்டபின் போடுவதில் பயனே இல்லையா?

உண்டு, ஓரளவுக்கு. உணவோடு போட்டால் குமட்டலும் எரிச்சலும் குறையும். ஆனால் பல நாள் தொடர்ந்து போடும்போது உண்டாகும் புண்ணை நான்கு இட்லி தடுக்காது. "நான் எப்போதும் சாப்பிட்டுத்தானே போடுகிறேன்" என்ற தைரியத்தில் மாதக்கணக்கில் போடுவதுதான் ஆபத்து.

நடைமுறையில்: ஐபுப்ரோஃபென் வகையைச் சாப்பாட்டோடோ, சாப்பிட்ட உடனேயோ போடுங்கள். நள்ளிரவில் வலி வந்தால் ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் போதும். பாராசிட்டமாலுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, வெறும் வயிற்றிலும் போடலாம். விரத நாளிலோ நோன்பு நேரத்திலோ வலி மாத்திரை தேவைப்பட்டால் நோன்பு திறந்தபின் பாராசிட்டமாலே நல்லது. நாள் முழுதும் தண்ணீர் குடிக்காத உடம்பில் இரண்டாவது வகை மாத்திரை சிறுநீரகத்தையும் சேர்த்து அழுத்தும்.

விழுங்குவதில் முறை இருக்கிறதா?

ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. அளவு தண்ணீர். உட்கார்ந்தோ நின்றோ விழுங்குங்கள். விழுங்கியபின் அரை மணி நேரம் படுக்க வேண்டாம். எச்சிலோடு விழுங்கி உடனே படுத்தால் மாத்திரை உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு அந்த இடத்தைப் புண்ணாக்கும். மறுநாள் எச்சில் விழுங்கினாலே நெஞ்சு நடுவில் வலிக்கும். மேல்பூச்சுள்ள மாத்திரையையும், மெதுவாகக் கரையும் 'எஸ்ஆர்' மாத்திரையையும் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. உடைத்தால் பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே வீச்சில் இறங்கிவிடும்.

முதலில் எதைப் போடுவது? எவ்வளவு?

சாதாரணத் தலைவலி, காய்ச்சல், உடம்புவலி, பல்வலிக்கு முதல் கை பாராசிட்டமாலுக்குத்தான் போக வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி.; இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், 6 மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. 24 மணி நேரத்தில் 4000 மி.கி. என்பது எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக்கூடாத கோடு. வீட்டிலேயே போட்டுக்கொள்பவர்கள் 3000-க்குள் நிற்பது நல்லது. 650 மாத்திரை நாளைக்கு நான்கு என்றால் 2600. பெரும்பாலோருக்கு அதுவே தாராளம்.

உடம்பு எடையையும் பாருங்கள். ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. என்பது கணக்கு. 40 கிலோ எடையுள்ள பாட்டிக்கு 600 மி.கி.தான் வரும், அவருக்கு 1000 அதிகம், 500 மாத்திரை ஒன்று போதும்.

அளவு மீறல் பெரும்பாலும் தெரியாமலே நடக்கிறது. சளி மாத்திரை பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கும், சாரிடானிலும் இருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று என்று போடுபவர் ஒரே மருந்தை மூன்று முறை போடுகிறார். அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று காத்திருக்க வேண்டாம். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது, கல்லீரல் கெடுவது அதன் பிறகே வெளிப்படும். பாராசிட்டமாலின் நஞ்சை முறிக்கும் மருந்து 8 மணி நேரத்துக்குள் கிடைத்தால்தான் முழுப் பலன்.

ஐபுப்ரோஃபென் எவ்வளவு போடலாம்?

பாராசிட்டமால் கேட்காத சுளுக்கு, வீக்கம், பல்வலிக்கு. 200 மி.கி.யில் தொடங்குங்கள், போதவில்லை என்றால் 400. இரண்டு வேளைக்கு நடுவே 6 முதல் 8 மணி நேரம். மருத்துவர் சொல்லாமல் நாளைக்கு 1200 மி.கி.க்கு மேல் வேண்டாம். அதாவது 400 மாத்திரை மூன்று. காம்பிஃப்ளாம் ஒன்றிலேயே 400 இருப்பதால் அதுவும் மூன்றுதான்.

அளவு கூடக்கூட புண்ணும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு கூடுகிறது. வலி நிவாரணமோ ஒரு கட்டத்துக்கு மேல் கூடுவதில்லை. ஒன்று கேட்கவில்லை என்று இரண்டாகப் போடுவதால் வயிற்றுக்குத்தான் நஷ்டம். காய்ச்சல் 3 நாளில் இறங்காவிட்டாலும், வலி ஒரு வாரத்தில் அடங்காவிட்டாலும் மருத்துவரைப் பாருங்கள். இந்த வகையில் இரண்டை ஒரே நாளில் சேர்க்கவே கூடாது: காலையில் ஐபுப்ரோஃபென், மாலையில் டைக்ளோஃபெனாக் என்றால் பலன் இரட்டிக்காது, புண் வரும் வாய்ப்பு ஏறும். ஐபுப்ரோஃபெனோடு பாராசிட்டமால் சேர்க்கலாம். அவை வெவ்வேறு வழியில் வேலை செய்பவை.

கூடவே ஒரு கேஸ் மாத்திரை போட்டுவிட்டால் பயமில்லைதானே?

எந்தக் கேஸ் மாத்திரை, எப்போது போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஜெலுசில், டைஜீன் போன்றவை இருக்கும் அமிலத்தைச் சிறிது நேரம் முறிக்கும், அவ்வளவுதான். எரிச்சல் அடங்கும், புண் தடைபடாது. எரிச்சல் தெரியாமல் போவதால் புண் மறைந்தே வளரவும் கூடும். ரானிடிடின் வழக்கமான அளவில் சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண்ணைக் குறைக்கும். இரைப்பைப் புண்ணுக்கு அதை நம்ப முடியாது. உண்மையான பாதுகாப்பு தருவது ஒமிப்ரசோல், பான்டப்ரசோல் வகை.

அதையும் தப்பாகப் போடுபவர்கள் ஏராளம். சாப்பிட்டபின் வலி மாத்திரையோடு சேர்த்து பான்டப்ரசோலையும் விழுங்கினால் பலன் குறையும். காலையில் சாப்பிடுவதற்கு 30 நிமிடம் முன், வெறும் வயிற்றில் போட வேண்டும். அதன் முழுப் பலன் கிடைக்க இரண்டு மூன்று நாளாகும். இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் அது காக்கும். அதற்குக் கீழே உள்ள குடலை அல்ல. ஒன்றிரண்டு நாள் வலி மாத்திரை போடும் ஆரோக்கியமான இளவயதுக்காரருக்கு இது தேவையே இல்லை.

யாரெல்லாம் இரண்டாவது வகையைத் தாமாக வாங்கிப் போடக்கூடாது?

முன்பு அல்சரோ வயிற்றில் ரத்தக்கசிவோ வந்தவர்கள் முதலில். அடுத்து 60 வயதைத் தாண்டியவர்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போடுபவர்கள். பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு எடுப்பவர்கள். எஸ்சிடலோபிராம், ஃபுளுவாக்செட்டின் போன்ற மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள். கடைசியாகச் சொன்னது பலருக்கும் வியப்பாக இருக்கும். அம்மருந்து, ரத்தத்தை உறையவைக்க உதவும் தட்டணுக்களின் ஒட்டும் திறனைக் குறைப்பதால், புண் இருந்தால் கசிவு எளிதாகிறது. சிறுநீரகக் கோளாறும் இதயப் பலவீனமும் உள்ளவர்களும் தள்ளி நிற்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஒரே மாத்திரையில் மூச்சுத்திணறல் வந்துவிடும்.

இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருந்தால் புண் வரும் வாய்ப்பு இன்னும் கூடும். நம் நாட்டில் அது மிகப் பரவலானது. நீண்ட நாள் வலி மாத்திரை தேவைப்படுபவர் அந்தப் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பிரஷர் மாத்திரை போடுகிறேன். மூட்டுவலிக்கு வலி மாத்திரை போடலாமா?

டெல்மிசார்டன், எனலாபிரில் போன்றவற்றோடு சிறுநீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர் மூன்றாவதாக ஐபுப்ரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ சேர்த்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் மூன்று பக்கமும் குறைகிறது. வயிற்றுப்போக்கு, வாந்தி, கோடை வெயிலில் வேலை என்று உடம்பில் நீர் குறைந்த நேரமானால் சில நாளிலேயே சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். ரத்த அழுத்தமும் ஏறும். பாராசிட்டமாலும் மேலே தடவும் ஜெல்லும் பாதுகாப்பான வழி.

இதயத்துக்கு ஆஸ்பிரின் 75 தினமும் போடுகிறேன். வலிக்கு ஐபுப்ரோஃபென்?

முடிந்தவரை வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடுகிறது. ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தில் ஐபுப்ரோஃபென் முந்திக்கொண்டால் இதயப் பாதுகாப்பும் குறைகிறது. வலிக்காக ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் கூடாது. பாராசிட்டமால் போடுங்கள்.

மழைக்காலக் காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. எது நல்லது?

பாராசிட்டமால் மட்டும். டெங்கு இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரியும்வரை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் அமிலம், ஆஸ்பிரின் எதுவும் கூடாது. டெங்குவில் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைகின்றன. இந்த மருந்துகள் மிச்சமிருப்பதன் திறனையும் குறைத்து, இரைப்பைச் சுவரையும் பலவீனப்படுத்துகின்றன. மூட்டைப் பிடித்து இழுப்பது சிக்குன்குனியாவாகத்தான் இருக்கும் என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். காய்ச்சல் விடும் நாள்தான் டெங்குவில் கவனம் தேவைப்படும் நாள். அன்று வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம் தெரிந்தால் உடனே மருத்துவமனை.

"உடம்புவலிக்கு ஒரு செட் மாத்திரை" வாங்கிப் போட்டால் உடனே கேட்கிறதே?

கேட்கும். அதனால்தான் கவலை. பெயரில்லாத சிறு கவரில் மூன்று நான்கு மாத்திரை தரும் இந்தப் பழக்கத்தில் ஒரு வலி மாத்திரையோடு டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கக்கூடும். உடனடி சுகம் அந்த ஸ்டீராய்டு தருவது. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்வது இரைப்பைக்கு மிக மோசமான கூட்டணிகளில் ஒன்று. சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரையையும் உயர்த்தும். வாரத்துக்கு இரண்டு செட் என்று மாதக்கணக்கில் போட்டவருக்கு உடம்பின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பே மங்கிவிடும். அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவரிடம் சொல்லியே குறைக்க வேண்டும். வயலில், கட்டட வேலையில் நாளெல்லாம் குனிந்து நிமிர்பவர்கள்தான் இதை அதிகம் வாங்குகிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்: பெயர் தெரியாத மாத்திரை வேண்டாம்.

மாதவிடாய் வலிக்கு?

இங்கே கணக்கு மாறுகிறது. கருப்பையை இறுக்கிப் பிடித்து வலியை உண்டாக்குவதே புராஸ்டாகிளாண்டின். அதனால் பாராசிட்டமாலைவிட ஐபுப்ரோஃபென், மெஃபனாமிக் அமிலம் நன்றாகக் கேட்கும். வலி உச்சத்துக்குப் போகும்வரை பொறுக்காமல் தொடங்கும்போதே, சாப்பிட்டபின் போடுங்கள். இரண்டு மூன்று நாளோடு நிறுத்துவதால் ஆரோக்கியமான பெண்களுக்கு வயிற்றில் பெரிதாக ஒன்றும் வராது. மெஃபனாமிக் அமிலம் போட்டபின் உடம்பில் தடிப்பும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். அரிதான ஆனால் கடுமையான ஒவ்வாமை பற்றி, மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான இந்தியன் ஃபார்மகோப்பியா கமிஷன் 2023 நவம்பரில் எச்சரித்திருக்கிறது.

கர்ப்பிணிகள்?

பாராசிட்டமால், தேவையான அளவு, குறைந்த நாள். 20 வாரத்துக்குப்பின் மருத்துவர் சொல்லாமல் இரண்டாவது வகை கூடாது. குழந்தையின் சிறுநீரகத்தையும், பிற்பகுதி மாதங்களில் இதயத்து ரத்தக்குழாயையும் பாதிக்கும்.

குழந்தைக்கு எவ்வளவு சிரப்?

வயதைவிட எடை முக்கியம். கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. பாராசிட்டமால், 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். 10 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 150 மி.கி. அது 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் 6 மி.லி. அளவு, 250 மி.கி. உள்ள சிரப்பில் 3 மி.லி.; 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் வெறும் 1.5 மி.லி. போன முறை 6 மி.லி. கொடுத்தோம் என்ற நினைவில் சொட்டு மருந்தை 6 மி.லி. கொடுத்தால் நான்கு மடங்கு போய்விடும். ஒவ்வொரு முறையும் பாட்டிலைப் படியுங்கள். சமையலறைக் கரண்டியை விட்டு, அளவு மூடியையோ சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள்.

16 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் கூடாது. வைரஸ் காய்ச்சலின்போது கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய் வரக்கூடும். நிமசுலைடை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுப்பதை இந்தியா 2011-இல் தடை செய்தது.

குடித்திருக்கும்போது தலைவலி மாத்திரை போடலாமா?

மதுவே இரைப்பையை அரிக்கும். அதன்மேல் ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ போட்டால் ரத்தக்கசிவு எளிது. தினமும் குடிப்பவருக்குப் பாராசிட்டமாலும் குறைந்த அளவில்தான், மருத்துவரைக் கேட்டுத்தான்.

தினமும் தலைவலி, தினமும் மாத்திரை. என்ன செய்வது?

மாத்திரையே தலைவலியைத் தருகிறதா என்று பாருங்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபின் சேர்ந்த கூட்டு மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போடுபவர்களுக்கு இது நடக்கிறது. நாட்காட்டியில் மாத்திரை போட்ட நாளைக் குறித்து வைத்து, அதை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வயிற்றுக்குள் புண்ணானதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மேல்வயிற்றில் எரிச்சல், சீக்கிரமே வயிறு நிரம்பிய உணர்வு, இரவில் எழுப்பும் வலி இருந்தால் மாத்திரையை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். ஆனால் பலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, எந்த வலியும் இல்லாமலே ரத்தம் கசியும். வலி மருந்துதானே உள்ளே இருக்கிறது. மலம் தார்போலக் கறுத்து, ஒட்டிக்கொண்டு, கெட்ட நாற்றத்தோடு போனால், வாந்தி காபித்தூள்போல இருந்தால், தலைசுற்றி வியர்த்தால், வயிறு பலகைபோல் இறுகித் திடீரென்று வலித்தால் 108-ஐ அழையுங்கள். இரும்புச் சத்து மாத்திரை போடுபவர்களுக்கும் மலம் கறுக்கும். சந்தேகமாக இருந்தால் மருத்துவரே பார்த்துச் சொல்லட்டும்.

ஜெல், தைலம் தடவினால் வயிற்றுக்குப் போகுமா?

டைக்ளோஃபெனாக் ஜெல்லில் உள்ள மருந்தில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் ரத்தத்தில் கலக்கிறது. முழங்கால், கைவிரல் மூட்டுகளுக்கு நன்றாகக் கேட்கும். தோலுக்கு அருகில் எலும்புமூட்டு இருப்பதே காரணம். இடுப்பு மூட்டுக்கு அவ்வளவாக எட்டாது. நாளைக்கு மூன்று நான்கு முறை தடவ வேண்டும். பலன் தெரிய சில நாளாகும். தடவிய இடத்தில் வெந்நீர் ஒத்தடமோ இறுக்கமான கட்டோ வேண்டாம், காயம்பட்ட தோலிலும் தடவாதீர்கள். கை கழுவாமல் கண்ணைத் தொட வேண்டாம்.

கடையில் நாலு மாத்திரை மட்டும் வெட்டிக் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் அட்டையின் மறுபாதியில் தங்கிவிடும். அந்த இரண்டும் உள்ள துண்டைத் தரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வெட்டுவதற்கு முன் முழு அட்டையின் பின்புறத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் மருத்துவர் "என்ன மாத்திரை போட்டீர்கள்?" என்று கேட்டால், "வெள்ளையாக, நீளமாக இருந்தது" என்று சொல்ல வேண்டியிராமல் அந்தப் படத்தையே காட்டலாம்.